குப்புறப் படுத்த மாமாவும் கணுக்கால் பிடித்த மச்சானும்

எங்கள் மாடி போர்ஷனில் ஒரு பாங்க் கேஷியர் குடியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கி வந்தார். இறங்கி வந்தார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்தபடி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘அம்மா’ போட்டு வந்தார்.

ஸ்கூட்டர் சறுக்கி, முட்டிக்குள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணித்தான் ஆக வேண்டும். ஆனால் மனிதர் முகத்தில் பயத்தைக் காணோம். கோபம்தான் இருந்தது.

“ஆபரேஷனுக்கு முன்னாடி எக்சர்சைஸ் பண்ணணுமாம் மேடம்! முடிஞ்ச பிறகு பண்ணுன்னா நியாயம். அறுந்த காலை வச்சிக்கினு முன்னாடியே எதுக்குங்க பண்ணணும்?”

உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. சிரித்ததால் ஏறிய புரை. கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்து, கேஷியரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தன் கதை முழுவதையும் கொட்டிவிட்டார்.

இத்தனை நாளாக, ‘என் முட்டியைப் பத்திப் பத்திரிகையில எழுதின... அவ்ளோதான்’ என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தவர் இவர். அவரே ஊருக்குச் சொல்லிவிட்ட பிறகு எனக்கு மட்டும் என்ன தடை?

எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் லைன்மேன். கரண்ட் கம்பம் ஏறுவது அவருக்கு உத்தியோகம் மட்டுமில்லை, கர்வமும்கூட. மற்றவர்கள் ஏணி தேடிக்கொண்டிருக்கும்போது இவர் காலில் கயிற்றைப் போட்டு சரசரவென்று மேலே போய்விடுவார். இறங்கும்போது கடைசி நாலடி இறங்கமாட்டார். குதிப்பார். கீழே நாலு பேர் நின்றால் நிச்சயம் குதிப்பார்.

தீபத் திருவிழா வந்தால் பத்து நாளும் வீட்டில் பார்க்க முடியாது. மாடவீதியில் ஏதாவது ஒரு கம்பத்தின் உச்சியில்தான் இருப்பார். சாப்பாட்டுக் கேரியரோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான் தேடிப் போவேன்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு காணும் பொங்கல் கீழே தள்ளியது.

என் பிறந்த வீடு அடி அண்ணாமலை. அங்கே காணும் பொங்கலன்று ஒரு கபடி ஆட்டம் நடக்கும். அந்த ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள் ஒரு பக்கம், மச்சான்கள் இன்னொரு பக்கம். காலையில் மாப்பிள்ளைகளுக்கு மூச்சு முட்டக் கறிச்சோறு போட்டுவிட்டு, மாலையில் மூச்சுப் பிடித்து ஆடச் சொல்வார்கள். இதில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கவும் வேண்டுமா?

இவர் பாடிக்கொண்டே போனார். எதிரே என் தம்பி ரவி. நிலத்தில் உழைத்த கை. கணுக்காலைப் பிடித்தால் ஆள் நகர முடியாது என்று நாலு ஊரில் பெயர். பிடித்தான். இவர் உடம்பைத் திருப்பி, நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினார். உடம்பு திரும்பியது... பிடிபட்ட கால் திரும்பவில்லை.

முட்டியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கூட்டத்துக்கே கேட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்பயராக நின்றவர் எங்கள் சித்தப்பா. கையைத் தூக்கி “அவுட்டு!” என்றார்.

தரையில் புரண்டுகொண்டிருந்த இவர் வலியில் கத்தினார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிட்டே போய்க் கேட்டால், “கோட்டைத் தொட்டுட்டேன்! தொட்டுட்டேன்யா!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. முட்டி போனதற்காக இல்லை. கோடு போனதற்காக!

ரவி அழுதுகொண்டே வந்து, “மாமா, தெரியாம நடந்துபோச்சு மாமா” என்றான். “அதை விடு. நான் கோட்டைத் தொட்டனா இல்லியா?” என்றார். அவனாவது ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். “தொடலையே மாமா” என்றான். அவன் பொய் சொல்லிப் பழகாதவன். அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அப்புறம் என்ன, தெருவில் யார்தான் வைத்தியர் இல்லை? நொச்சியிலை ஒத்தடம். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்று. அதன்மேல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. ‘காலை அசைக்கவே கூடாது’ என்றார்கள். இவரும் அசைக்கவே இல்லை. மாசக்கணக்கில்.

கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. தொடையும் கூடவே வடிந்திருந்தது. வலது தொடையையும் இடது தொடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு ஆளுடையது போலத் தெரிந்தது. முட்டி முழுதாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. தெருவில் நடக்கும்போது திரும்பினால் போதும், முட்டி நழுவி உட்கார்ந்துவிடுவார். யாராவது பார்த்தால், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல பாவனை பண்ணுவார்.

ஆபீசில் கம்பம் ஏறாதே என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்ளைண்ட் போன் எடுக்கும் வேலை. “எங்க வீதியில கரண்ட் இல்ல சார், லைன்மேனை அனுப்புங்க” என்று நாள் முழுக்க இவர் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். பாவம், எப்படி இருந்திருக்கும்?

கடைசியில் மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். முட்டியை மடக்கி உட்காரவைத்து, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கமாக இழுத்தார். மேஜை டிராயர் மாதிரி கால் வெளியே வந்தது.

“உள்ள ஜவ்வு அறுந்துடுச்சு. ஆபரேஷன் பண்ணணும்” என்றார்.

இவர் உடனே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். “பண்ணிடுங்க சார். இன்னிக்கேன்னாலும் சரி. தீபத்துக்கு நான் கம்பத்துல இருக்கணும்.”

டாக்டர் சிரித்தார். “இந்தக் காலை நான் தொடமாட்டேன். முட்டி நீளவே இல்லை. தொடையில சதையே இல்லை. இப்ப அறுத்தா, அப்படியே விறைச்சுப்போய் நிக்கும். முதல்ல எக்சர்சைஸ் பண்ணிக் காலைத் தேத்திக்கினு வாங்க. அப்புறம் பார்க்கலாம்.”

“தேத்தறதுக்குத்தானே சார் ஆபரேஷன்?”

“நீங்க இன்னா வேலை பார்க்கறீங்க?”

“லைன்மேன் சார்.”

“கம்பம் நடறதுக்கு முன்னாடி குழி தோண்டி, கல்லு போட்டுக் கெட்டிப்பண்ணுவீங்களா, இல்ல... சேத்துல நட்டுட்டு அப்புறம் கெட்டிப்பண்ணுவீங்களா?”

இவர் கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார். தொழிலைத் தொட்டுப் பேசிவிட்டாரே.

அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபி அம்மா இருந்தார். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கீழே அழுத்த வேண்டும், தொடை இறுகும். கணுக்காலில் மணல் மூட்டை கட்டி, மடக்காமல் காலைத் தூக்க வேண்டும். குதிகாலைத் தரையில் இழுத்து இழுத்து மடக்க வேண்டும். கடைசியாக, குப்புறப் படுத்துக் காலைப் பின்பக்கம் மடக்க வேண்டும். அப்போது இன்னொருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மடங்கவிடாமல் எதிர்க்க வேண்டும்.

“வீட்டுல நல்லா பலமா பிடிக்கற மாதிரி ஆள் இருக்காங்களா?” என்று கேட்டார்.

“நான் இருக்கேனே” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து முதலில் மணல் மூட்டை தைத்தேன். எதில் தைப்பது? பீரோ அடியில் இவருடைய பழைய பெல்பாட்டம் கிடந்தது. ஃபேஷன் போய் வருஷக்கணக்கான பிறகும் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தார். அதன் கால் பகுதி மணல் கொட்டவே வெட்டியது மாதிரி அகலம். மூட்டையைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “வேற துணியே கிடைக்கலியா உனக்கு?” என்றார். அன்றைக்குக் காலை ஒரு ஜாண்கூடத் தூக்கவில்லை. துக்கமாம்.

பயிற்சி என்றால் என்ன நினைக்கிறீர்கள்? வீரம், வியர்வை, வைராக்கியம்... அதெல்லாம் இல்லை. சாக்கு! காலையில் ‘டிபன் சாப்பிட்டுட்டேன், வயிறு கனக்குது’. மாலையில் ‘சாப்பிடலை, மயக்கமா வருது’. நடுவில் ‘ரேடியோவுல செய்தி போடறான், இரு’.

குப்புறப் படுத்துப் பண்ணும் பயிற்சிதான் பெரிய பிரச்சினை. நான் கணுக்காலைப் பிடித்தேன். இவர் ஒரு இழுப்பு இழுத்தார். என் வளையல் உடைந்தது. மறுபடி பிடித்தேன். நான் அவர் முதுகின்மேல் போய் விழுந்தேன். அந்த நேரம் பார்த்துப் பால்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சொம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி ஒரே வழிதான். நான் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். ரவி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். பொங்கலுக்கு அப்புறம் அவன் கபடியே ஆடவில்லையாம்.

“டேய், மாமா கணுக்காலைப் பிடிக்க ஆள் வேணும். வர்றியா?”

“ஏற்கெனவே பிடிச்சது போதாதா அக்கா? அவரு என் மூஞ்சியில முழிக்கமாட்டாரு.”

“மூஞ்சியில யார் முழிக்கச் சொன்னது? குப்புறப் படுத்துக்கினுதான்டா பண்ணணும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்துவிட்டான்.

பாயில் இவர் குப்புறப் படுத்திருந்தார். ரவி சத்தமில்லாமல் வந்து மண்டி போட்டுக் கணுக்காலைப் பிடித்தான். இவர் உடம்பு அப்படியே விறைத்தது. தலையைத் தூக்கவில்லை, திரும்பவில்லை.

“வசந்தா... இந்தப் பிடி எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா நல்லதுதானே. இழுங்க” என்றேன்.

“அந்த ஆளைப் போகச் சொல்லு.”

“அந்த ஆள் இல்லன்னா கால் தேறாது. கால் தேறலன்னா ஆபரேஷன் இல்ல. ஆபரேஷன் இல்லன்னா போன்தான். எது வேணும்?”

கொஞ்ச நேரம் தலையணையோடு யோசனை. அப்புறம், “வசந்தா, உன் தம்பியைக் கேளு. நான் கோட்டைத் தொட்டனா இல்லியா?”

அவன் பிடியை விடாமலே, “அக்கா, மாமாகிட்ட சொல்லு. தொடலை” என்றான்.

இழுத்தார் பாருங்கள் ஒரு இழுப்பு! முட்டி மடங்கியது. ரவி இரண்டு கையாலும் எதிர்த்துப் பிடித்தான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப இழுத்தார். தொடையின் பின்பக்கம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. வாரக்கணக்கில் நான் கெஞ்சி, கொஞ்சி, மிரட்டி வராத பலம், ஒரு ‘தொடலை’யில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். மாலையில் ரவி சைக்கிளில் வருவான். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தபால்காரி வேலை பார்ப்பேன். இவர் கேட்பார், அவன் ‘தொடலை’ என்பான், கால் மடங்கும். நாளாக நாளாக மணல் மூட்டை ஜாஸ்தி, சாக்கு கம்மி. வற்றிப்போயிருந்த தொடை உருண்டு வந்தது. முட்டி தரையைத் தொட்டு நீண்டது. கோபத்துக்கு இப்படி ஒரு நல்ல உபயோகம் இருக்கிறதென்று யார் கண்டார்கள்?

ஒருநாள் நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் இவர் குரல். தபால்காரி இல்லாமலே பேசிக்கொண்டிருந்தார்.

“டேய் ரவி... ஆபரேஷன் பண்ணியும் கம்பம் ஏற முடியலன்னா இன்னாடா பண்றது? அந்த போன் மணி அடிச்சா எனக்கு நெஞ்சே அடைக்குதுடா.”

என்னிடம் இதை அவர் சொன்னதே இல்லை. நான் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றேன்.

ரவி சொன்னான். “மாமா... நீங்க கோட்டைத் தொட்டீங்க மாமா. நான்தான் சரியா பார்க்கலை.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளே கலக்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஏன்? மாமனும் மச்சானும் ராசியாகிவிட்டார்கள். பயிற்சியில் இழுப்பும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஒருவர் கால் நீட்டுவார், ஒருவன் கால் பிடித்துவிடுவான். இரண்டு பேரும் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கமெண்டரி கேட்பார்கள்.

ரவியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், “ஏன்டா ஒத்துக்கின? இன்னும் ஒரு மாசம் தொடலைன்னு சொன்னா இன்னாடா?” என்று கேட்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய கூத்து பாக்கி இருந்தது. மெட்ராஸ் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துக் கார்டு போட்டிருந்தார். இவர் கார்டைப் படித்துவிட்டு, முட்டியை நாலு தரம் மடக்கி நீட்டினார். “வலி இல்ல, வீக்கம் இல்ல. அதான் நல்லாயிடுச்சே. இனிமே எதுக்கு ஆபரேஷன்?”

“ஆமாம் அக்கா, நல்லா கீதே!” என்றான் ரவி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கூட்டிவந்த ஆள், எனக்கே எதிர்க்கட்சி.

“உள்ள ஜவ்வு அறுந்தது அறுந்ததுதாங்க. சதை தேறினா ஜவ்வு ஒட்டிக்குமா? டாக்டர் அப்பவே சொன்னாரே” என்றேன்.

“நிரூபிச்சுக் காட்டட்டுமா?” என்றார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கம்பம். ஞாயிற்றுக்கிழமை. நான் தடுக்கத் தடுக்க, கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் ஏறினார். பழைய வேகம். பக்கத்து வீடுகளிலிருந்து ஜனம் வந்து நின்றது. உச்சியில் நின்று தெருவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மாசக்கணக்கில் அந்த முகத்தில் நான் பார்க்காத சந்தோஷம். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தேவையில்லையோ?

“இன்னா மாமா, சூப்பர்!” என்று கீழிருந்து கத்தினான் என் தம்பி.

சரசரவென்று இறங்கினார். கீழே கூட்டம் நிற்கிறதே... கடைசி நாலடி இறங்குவாரா? குதித்தார். குதித்ததோடு விட்டாரா? காலை ஊன்றினபடியே, கைதட்டின பக்கம் திரும்பினார்.

முட்டி நழுவியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் கைதட்டல் நின்றது. இந்தத் தடவை செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனைகூடப் பண்ணவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

ரவிதான் முதலில் ஓடினான். தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, “இன்னா வேடிக்கை? போங்க, போங்க!” என்று விரட்டினான். வீட்டுக்குள் வந்து என்னைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றார்கள் இரண்டு பேரும். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். இவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். ஐஸ் வாங்கிவரச் சொல்லித் தம்பியைச் சோடாக் கடைக்கு அனுப்பினேன்.

மறுபடி பூசணிக்காய். ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிற்று. டாக்டர் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது. ஆனால் முடிவில், “எவ்ளோ நல்லா தேத்தினு வந்த காலு... திரும்பத் தேத்துங்க. முடியும்” என்றார்.

மறுபடி துண்டு. மறுபடி பெல்பாட்டம் மூட்டை. இந்த முறை சாக்கு இல்லை, கிரிக்கெட் இல்லை. யாரும் யாரையும் கோபப்படுத்தவும் வேண்டியிருக்கவில்லை. இவர் வாயே திறக்காமல் இழுத்தார். ரவி வாயே திறக்காமல் பிடித்தான். எனக்குத்தான் அந்த அமைதி பழகவே இல்லை.

ஒருவழியாக ஆபரேஷன் நடந்தது. முட்டியிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் வைத்துப் பொருத்தினார்களாம். வராந்தாவில் நானும் ரவியும். நான் காபி குடித்தேன். அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னதும், நாலு இட்லியை நின்றபடியே விழுங்கினான்.

தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அந்த வருஷம் தீபத்துக்கு இவர் கம்பத்தில் இல்லை. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஆபீசில் போன் எடுத்தார். மற்ற லைன்மேன்களுக்கு எந்தக் கம்பத்தில் என்ன கோளாறு இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டாராம். அவர்கள் அடுத்த தீபத்துக்குள் இவரை எப்படியாவது கம்பத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

கட்டை வெட்டிப் பிரித்த நாளில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாடுபட்டு வளர்த்த தொடை பாதியாகியிருந்தது. “போச்சே எல்லாம்” என்றேன். பிசியோதெரபி அம்மா, “தொடையை இறுக்குங்க பார்க்கலாம்” என்றார். வார்டில் மற்றவர்கள் எப்படி இறுக்குவது என்று புரியாமல் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் சொன்ன மாத்திரத்தில் இறுக்கினார். இருந்த கொஞ்ச சதையும் டக்கென்று துள்ளி நின்றது.

“பாருங்க, காலுக்கு வேலை தெரிஞ்சிருக்கு. இதுக்குத்தான் முன்னாடியே பண்ணச் சொன்னது” என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், இவர் அடுத்த கட்டில்காரருக்கு வாத்தியாராகிவிட்டார். “மூஞ்சியை விடுங்க சார், தொடையை இறுக்குங்க!”

திரும்ப டியூட்டியில் ஏற ரொம்ப மாசம் ஆயிற்று. முதல் நாள் எங்கள் தெருவிலேயே ஒரு வேலை வந்தது. வழியனுப்பக்கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏறினார். வேலையை முடித்தார். கீழே தெருவே நின்று பார்த்தது. இறங்க ஆரம்பித்தார்... பாதி... முக்கால்... கடைசி நாலடி. ஒரு நிமிஷம் நின்றார். கீழே பார்த்தார்.

குதிக்கவில்லை. ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, மாடிப்படி இறங்குகிற வயசானவர் மாதிரி மெதுவாகத் தரைக்கு வந்தார். யாரும் கைதட்டவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கம்பத்தைப் பார்த்து நடந்தார்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுக்களைக்குப் போகத் திரும்பினேன். நடக்க முடியவில்லை. அவர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை இங்கே நான் இறுக்கிப் பிடித்திருந்ததில், என் இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன.